புதிதாக வந்தவரும் நிலைகுலைந்த நாடும்: மிகுபுனைவு நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். வந்து சேர்ந்த நாட்டில் அரசுரிமைச் சண்டை, அல்லது பஞ்சம், அல்லது எல்லையில் படை. திரும்பிப் போக வழியில்லை. அங்கேயே குடியேறியாக வேண்டும். இந்தக் கருவில் தமிழில் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் எழுத உட்காருகிறவர்களுக்கு வரும் கேள்விகளையும் பதில்களையும் தொகுத்திருக்கிறோம். குடியேறுகிறவருக்கு அரண்மனையில் வேலை கொஞ்சம், ஏரிக்கரையில் அதிகம். பதில்களும் அப்படியே அமைந்திருக்கின்றன.

அந்த நாட்டார் அவரை என்னவென்று அழைப்பார்கள்?

முதல் வரி எழுதும் முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. பழந்தமிழில் வம்பு என்றால் புதுமை, வம்பலர் என்றால் புதியவர், வழிப்போக்கர். அதே சொல் இன்று சண்டைக்கும் தொல்லைக்கும் பெயராகிவிட்டது. பரதேசி என்பதும் வேற்று நாட்டவர் என்ற வெறும் பொருளில் தொடங்கி வசையாக இறங்கிய சொல். ஆனால் பல தேசங்களில் வணிகம் செய்த கூட்டத்தாரைக் கல்வெட்டுகள் நானாதேசி என்று மதிப்போடு சொல்கின்றன. வந்தவர் எதைக் கொண்டுவந்தார் என்பதைப் பொறுத்து ஊர் சொல்லை எடுக்கிறது.

உங்கள் நாட்டுக்கு மூன்று சொற்கள் தேவை: அதிகாரி ஓலையில் எழுதுவது, தெருவில் முதுகுக்குப் பின்னால் சொல்வது, குழந்தைகள் கத்துவது. எந்த அத்தியாயத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். பிறகு "அவன் மெல்ல மெல்ல அந்த ஊரில் கலந்தான்" என்று எழுத வேண்டிய தேவையே வராது.

நாட்டின் தொல்லை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

ஒரே காரணம் போதும். போர், கொள்ளைநோய், வறட்சி, துரோகி அமைச்சர், விழித்தெழும் பழைய பேய் என எல்லாவற்றையும் முதல் 5 அத்தியாயங்களில் அடுக்கினால் எதுவும் வாசகருக்குப் பயம் தராது. ஒரு காரணத்தை எடுத்து, அது ஒரு வயல்வரை எப்படி இறங்கி வருகிறது என்று பின்தொடருங்கள்.

1310-இல் பாண்டிய மன்னர் மாறவர்மன் குலசேகரன் இறந்தபின் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற இரண்டு மகன்கள் அரசுரிமைக்கு மோதிக்கொண்டார்கள். 1311-இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தபோது எதிர்த்து நிற்க ஒன்றுபட்ட பாண்டிய நாடு இல்லை. இதைப் போன்ற ஒரு நிலையை உங்கள் கற்பனை நாட்டுக்குள் கொண்டுவந்து கீழே இறக்கிப் பாருங்கள். இரண்டு இளவரசர் என்றால் இரண்டு முத்திரை. இரண்டு முத்திரை என்றால் வரி வாங்க இரண்டு ஆள். ஒரே களத்துமேட்டுக்கு இருவரும் வருகிறார்கள். முதலில் வந்தவரிடம் கொடுத்ததற்கு ஓலை இருக்கிறது; இரண்டாமவர் அந்த ஓலை செல்லாது என்கிறார். புதிதாக வந்தவருக்கு எந்த முத்திரை எவருடையது என்பதே தெரியாது. இந்த ஒரு காட்சி, அரண்மனைச் சதியைப் பற்றிய மூன்று அத்தியாயங்களுக்குச் சமம்.

நாணயத்தையும் இப்படிப் பயன்படுத்தலாம். டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக் 1330-ஐ ஒட்டி, செம்பு, பித்தளைக் காசுகளை வெள்ளிக் காசின் மதிப்புக்கு வெளியிட்டார். போலிக் காசு பெருகி, கடைசியில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இடுப்பில் முடிந்துவந்த பணம் ஒரே வாரத்தில் வெறும் உலோகமாகிவிட்டது என்றால், அந்தக் குடியேறியின் கதை அங்கேயே திசை மாறும்.

வந்தவுடன் குடியேறிவிட முடியுமா? என்னென்ன அனுமதிகள் வேண்டும்?

கைப்பிரதிகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். நாயகன் ஊருக்குள் நுழைகிறார், ஒரு கிழவி கஞ்சி ஊற்றுகிறாள், மறுநாள் அவருக்கு வீடு இருக்கிறது! உண்மையான ராஜ்ஜியங்களில் குடியேற்றம் படிப்படியானது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் மறுக்க முடியும். அதனால் ஒவ்வொரு படியும் கதைக்கு உதவும்.

முதல் படி, கொண்டுவந்த பொருள் அவருடையதுதானா என்பது. ஆந்திரக் கடற்கரையில் காகதீய மன்னர் கணபதிதேவர் வைத்த மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு 1244-ஐச் சேர்ந்தது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கை முந்தைய மன்னர்கள் பறித்துக்கொண்டார்கள், இனிச் சுங்கம் மட்டுமே வாங்கப்படும் என்று வணிகருக்கு அது உறுதி தருகிறது. அப்படி உறுதி தர வேண்டிய நிலை இருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் நாட்டில் அந்த உறுதி இருக்கிறதா, எடுக்கப்பட்டுவிட்டதா?

இரண்டாவது, பிணை நிற்க ஓர் ஆள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். ஆயர்பாடிக்குள் அந்த அடைக்கலம் செல்லுபடியாகிறது. சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் கடைத்தெருவுக்குப் போனதும் அவனைத் தெரியும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை; பொற்கொல்லன் சொன்னதே நின்றது. பிணைக்கு எல்லை உண்டு. உங்கள் நாயகருக்காகப் பேசும் ஆளின் சொல் எந்தத் தெருவோடு முடிகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுவிடுங்கள். ஆபத்துகளைக் கோட்டுக்கு வெளியே வையுங்கள். உறவும் பிணையாகும். 1340-களில் மதுரைக்கு வந்த மொராக்கோப் பயணி இபன் பதூதாவும் அப்போதைய மதுரை சுல்தானும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். கப்பல் ஆபத்தில் கரையேறிய மனிதருக்குச் சகலைதான் சுல்தான்.

மூன்றாவது, நிலமும் உரிமைகளும். கொல்லத்தில் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் 849-இல் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்கு அளித்த செப்பேடு, கடல் கடந்து வந்தவர்களுக்கு ஓர் அரசு என்னென்ன தரும் என்பதற்கு அருமையான சான்று. மருவான் சபிர் ஈசோ நிறுவிய அந்தப் பள்ளிக்கு நிலம் வருகிறது. நிலத்தோடு உழவர், தச்சர், வண்ணார் முதலிய குடிகளும், வரிவிலக்குகளும், எழுபத்திரண்டு வீடுபேறு எனப்படும் உரிமைகளும் சேர்ந்து வருகின்றன. சாட்சிகள் பஹ்லவி (பழைய பாரசீகம்), அரபு, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கற்பனை நாட்டின் பன்மையைக் காட்ட நான்கு பக்க வருணனை எதற்கு? ஒரு பட்டயத்தின் அடியில் நான்கு வகை எழுத்தைக் காட்டுங்கள்.

எல்லை குறிக்கும் சடங்கையும் விட்டுவிடாதீர்கள். சோழர் பட்டயங்களில் பெண் யானையை நிலத்தைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காண்கிறார்கள். யானை ஓர் இடத்தில் முரண்டு பிடித்து விலகி நடந்தால்? அந்தப் பத்தடி நிலம் இருபது அத்தியாயங்களுக்கு வழக்காக ஓடும்.

நான்காவது, ஊர்ச்சபையில் குரல். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைக்குத் தகுதி சொல்கின்றன: வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் பயிற்சி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இந்தத் தகுதிகளை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் நாட்டுக்கு இதுபோல் நான்கு வரிச் சட்டம் எழுதி, அதில் எந்த வரி உங்கள் பாத்திரத்தைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

ஒரு குடும்பம் பிழைக்க எவ்வளவு நிலம் வேண்டும்? இந்தக் கணக்கெல்லாம் நாவலுக்கு அவசியமா?

அவசியம். கணக்கு பக்கத்தில் தெரிய வேண்டியதில்லை, ஆனால் போடப்பட்டிருக்க வேண்டும். பழைய அளவைகளை வைத்தே போடலாம்: 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், ஆக ஒரு கலம் 96 நாழி. நிலத்துக்கு 20 மா ஒரு வேலி, அது ஏறக்குறைய 6.67 ஏக்கர். நாழியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது. இது உங்களுக்கு ஒரு வசதி: வரி வாங்கும் மரக்காலும் கூலி அளக்கும் மரக்காலும் வேறு வேறு என்று ஒரு பாத்திரம் கண்டுபிடிக்கட்டும்.

குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 4 நாழி அரிசி என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,460 நாழி, அதாவது சுமார் 15.2 கலம். சோழர்காலக் கோயில் கணக்குகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் வருகிறது. அதன்படி 38 கலம் நெல் வேண்டும். ஒரு மா நிலத்துக்கு 10 கலம் விளைச்சல், மூன்றில் ஒரு பங்கு வரி, விதைக்கும் அறுப்புக்கூலிக்கும் 1.2 கலம் என்று உங்கள் நாட்டுக்கு வைத்தால் மாவுக்கு 5.47 கலம் மிஞ்சும். 7 மா இருந்தால் குடும்பம் சரியாக ஆண்டைக் கடக்கும்.

இப்போது போர் வருகிறது, வரி விளைச்சலில் பாதியாக உயர்கிறது. மாவுக்கு 3.8 கலம்தான் மிச்சம். 7 மாவில் 26.6 கலம். தை அறுவடையில் நிரம்பிய குதிர் எட்டரை மாதம்கூடத் தாங்காது. புரட்டாசியில் தரை தெரியும். அடுத்த அறுவடைவரை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலி வேலையும் குறைவு. எந்த மாதம், எந்தத் தட்பவெப்பம், வீட்டில் யார் முதலில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வது என்று அடுத்த ஐந்து அத்தியாயங்கள் தானாகவே கைக்கு வந்துவிட்டன. "பஞ்சம் தலைவிரித்தாடியது" என்று எழுதுகிறவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

படைக்கும் இதே கணக்குதான். 10,000 பேர், ஆளுக்கு ஒரு நாழி என்றால் நாளுக்கு சுமார் 104 கலம் அரிசி, அதாவது 260 கலம் நெல். பத்து நாள் முகாம் போட்டால் 2,600 கலம். மேலே சொன்ன விளைச்சலில் 13 வேலி நிலத்தின் முழு மகசூல். குதிரை, யானைத் தீவனம் தனி. நட்புப் படை வந்து தங்கினாலும் ஊர் அழியும் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

ஏரியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

மழையை நம்பி விவசாயம் செய்யும் நாட்டில் ஆட்சி கெட்டதும் முதலில் கெடுவது நீர்நிலைதான். உத்திரமேரூரில் ஏரிக்கென்றே 6 பேர் கொண்ட வாரியம் இருந்தது. அந்த வேலையை யாரும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் படிப்படியாகக் காட்டலாம். முதல் கோடையில் தூர் எடுக்கவில்லை. வண்டல் தங்குகிறது, கொள்ளளவு குறைகிறது. கரையில் முளைத்த மரத்தை யாரும் வெட்டவில்லை. வேர் போன வழியிலும் நண்டு, எலி வளைகளிலும் நீர் கசிகிறது. மதகின் அடைப்புப் பலகை உளுத்து, மூடினாலும் நீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. உபரி நீர் வழிய வேண்டிய கலிங்கின் முன்னால் யாரோ விதைத்து அடைத்துவிட்டார்கள். பிறகு ஒரு பெருமழை. வழிய இடமில்லாத நீர் கரைக்கு மேல் ஏறுகிறது. மண் கரை மேலே வழியும் நீரைத் தாங்காது. வெளிச்சரிவை அரித்து உடைத்துக்கொண்டு போகும்.

அடிக்கடி காணும் பிழை, மதகையும் கலிங்கையும் ஒன்றாகக் குழப்புவது. மதகு பாசனத்துக்கு நீர் விடும் வழி, திறந்து மூடலாம். கலிங்கு மிகுந்த நீர் தானாக வழியும் இடம். நாயகர் கடைசி நொடியில் "கலிங்கைத் திறந்து" ஊரைக் காப்பாற்றினால் ஏரி தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். கலிங்கின் மேல் கூடுதல் நீர் தேக்கப் பலகையும் மண்ணும் வைப்பதுண்டு, அதைத் தட்டிவிடலாம். அப்படி எழுதுங்கள், சரியாக இருக்கும்.

பயண தூரத்தை எப்படிக் கணக்கிடுவது?

நடந்தால் நாளுக்கு 25 முதல் 30 கி.மீ., மாட்டுவண்டியில் 15 முதல் 20, சேற்றுக் காலத்தில் அதில் பாதி. தஞ்சையிலிருந்து மதுரை ஏறக்குறைய 190 கி.மீ.; நடைக்கு ஒரு வாரம், வண்டிக்கு பதினோரு நாள். உங்கள் வரைபடத்தில் ஒரு விரல் அகலம் இத்தனை நாள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். கி.மீ. என்ற சொல் நாவலுக்குள் வரக்கூடாது; நாள், சாமம், நாழிகை போதும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு சாமம் ஏழரை நாழிகை. செய்தியும் இந்த வேகத்தில்தான் நகரும்: மன்னர் இறந்த ஒன்பதாம் நாள் வரை எல்லையோரக் கிராமம் அவர் பெயரிலேயே வரி கட்டிக்கொண்டிருக்கும்.

மாயசக்தி வேண்டாமா?

வேண்டும், மிகுபுனைவு ஆயிற்றே. ஒரு விதி மட்டும்: மாயத்தின் விலையை நெல், நீர், நாள் போன்ற அதே அளவைகளில் சொல்லுங்கள். மழையை வரவழைக்க முடியும், ஆனால் அது மேற்கே மூன்று நாள் நடைத் தொலைவிலுள்ள ஊரின் மழை. அந்த ஊர்க்காரர் ஒருவர் உங்கள் நாயகரின் அடுத்த வீட்டில் குடியிருக்கிறார். விலையை "அவன் உடல் தளர்ந்தது" என்று மட்டும் வைத்தால் அடுத்த அத்தியாயத்தில் தூங்கி எழுந்துவிடுவான், நாட்டின் தொல்லைக்கு அர்த்தமே போய்விடும்.

என் நாயகர் நாட்டைக் காப்பாற்றுகிறார். அதில் என்ன தவறு?

இருபது ஆண்டாக அங்கே இருப்பவர்கள் ஏன் அதைச் செய்யவில்லை என்று வாசகர் கேட்பார். பதில் இல்லையென்றால் உள்ளூர் மக்கள் அனைவரும் மடையர்கள் என்று நாவல் சொல்வதாகிவிடும். இது நாங்கள் மன்னிக்காத பிழை, பொறுமையாகத் திருத்துங்கள்.

வந்தவருக்கு ஒரே ஒரு திறன் கொடுங்கள். அது அந்த நாட்டில் வழக்கொழிந்தது அல்லது தேவைப்படாமல் இருந்தது. அதுவும் உள்ளூர்க்காரர் ஒருவரின் அறிவோடு சேர்ந்தால்தான் பயன்பட வேண்டும். மண்டசோரில் உள்ள பட்டு நெசவாளர் கல்வெட்டு இதற்கு நல்ல வழிகாட்டி. லாட நாட்டிலிருந்து (தெற்கு குஜராத்) தசபுரத்துக்கு, அதாவது இன்றைய மண்டசோருக்குக் குடிபெயர்ந்த நெசவாளர் கூட்டம் ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே சூரியன் கோயில் கட்டியது. 473-இல் அதைப் பழுதுபார்த்தது. வந்தவர்களில் சிலர் நெசவிலேயே நின்றார்கள்; சிலர் வில்வித்தை, சோதிடம், கதை சொல்லுதல் என்று மாறிப்போனார்கள். குடியேறிய இடம் மனிதரின் தொழிலையே மாற்றும். உங்கள் நாயகர் கொல்லராக வந்து கணக்கராக முடிந்தால் அது வெற்றியா இழப்பா என்று அவருக்கே தெரியாத ஒரு நிலை வரட்டும்.

புதியவர் கேள்வி கேட்க, மற்றவர் விளக்குவதுபோல் உலகத்தை அறிமுகப்படுத்தலாமா?

இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஊரார் தங்கள் வழக்கத்தை விளக்குவதில்லை. தவறு செய்தவரைத் திட்டுவார்கள், சிரிப்பார்கள், தண்டம் கட்டச் சொல்வார்கள். எந்தத் துறையில் குளிக்கக்கூடாது என்பதைக் குளித்த பிறகுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பின் வழியாகவும் உலகம் புகும். இபன் பதூதா மதுரையில் கொள்ளைநோயைப் பார்த்தார், அவருக்கும் காய்ச்சல் கண்டது, புளியைக் கரைத்துக் குடித்துத் தேறியதாக எழுதுகிறார். புது மண்ணின் முதல் காய்ச்சலும் அதற்கு அந்த மண் தரும் கைமருந்தும் ஓர் அத்தியாயத்துக்கு உரியவை.

வேற்றுமொழிக்காரரின் பேச்சைத் தமிழில் எப்படிக் காட்டுவது?

எல்லாச் சொல்லையும் கொச்சையாக்கினால் அவர் கோமாளியாகிவிடுவார். இரண்டு மூன்று கூறுகளை மட்டும் எடுங்கள். ழகரம் வராது, நீ, நீர், நீங்கள் வேறுபாடு தெரியாமல் எல்லோரையும் நீ என்கிறார், வினையெச்சங்களைக் கோக்கத் தெரியாமல் சிறு சிறு வாக்கியமாக உடைத்துப் பேசுகிறார். மூன்றாவது கூறு மிக நயமானது. மொழி பழகப் பழக வாக்கியங்கள் நீளட்டும். அவர் தம் மொழியில் சிந்திக்கும் பகுதிகள் முழுமையான, நல்ல தமிழில் இருக்க வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு கருவி உண்டு: உறவுமுறை. "யாரய்யா நீர்" என்று தொடங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர் எப்போது "தம்பி" என்றார், அவர் மனைவியை இவர் எப்போது "அக்கா" என்றார், சண்டை வந்ததும் யார் முதலில் "நீர்" என்பதற்குத் திரும்பினார் என்று பாருங்கள். கொடுத்த முறையைத் திரும்பப் பெறுவது அறைவதைவிட வலிக்கும்.

பெயர்கள்?

எல்லோருக்கும் வர்மன், ஆதித்தன் போட வேண்டாம். முதன்மைப் பாத்திரங்கள் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டாம். ஊர்ப் பெயர்களை மண், நீர், மரத்திலிருந்து எடுங்கள். இளவரசர் பெயரால் ஓர் ஊர் பெயர் மாற்றப்பட்டால், கிழவர்கள் பழைய பெயரையே சொல்லட்டும்.

எவ்வளவு நீளம்? எந்த வரிசையில் எழுதுவது?

40 அத்தியாயம், ஒவ்வொன்றும் 2,000 சொல் என்றால் 80,000 சொல். ஒரே நூலுக்கு இது போதிய நீளம். கதைக் காலத்தை ஒரு முழு வேளாண் ஆண்டாக வைத்தால் கட்டுக்கோப்பு எளிதில் வரும். எழுதும் முன் நான்கு தாள்கள் தயாராகட்டும்: நாள்கணக்குடன் வரைபடம், குதிர்க் கணக்கு, ஊரார் சட்டம் நான்கு வரி, யார் யாரை என்னவென்று அழைக்கிறார்கள் என்ற அட்டவணை. இரண்டாம் வரைவில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் இந்த நான்கோடு ஒப்பிட்டால் பெரும்பாலான முரண்கள் பிடிபடும். அதிகம் நழுவுவது குதிர்க் கணக்குதான். பஞ்சத்தின் நடுவே யாராவது விருந்து வைத்துவிடுவார்கள்.

முதல் வாசகர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

"பிடித்ததா" என்று கேட்டால் பிடித்தது என்பார்கள். மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். இந்த நாட்டில் நீங்கள் போய் இறங்கினால் முதலில் யாரிடம் போவீர்கள்? அங்கே ஒருவேளைச் சோறு எப்படிக் கிடைக்கும்? எந்தப் பக்கத்தில் நாயகர் இனி இங்கிருந்து போகமாட்டார் என்று தோன்றியது? மூன்றாவதற்கு ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு பக்கம் சொன்னால், அந்தக் காட்சியை நீங்கள் இன்னும் எழுதவில்லை.